கம்ப்யூட்டர் குரூப்பா, பயோ மேத்ஸா, பாலிடெக்னிக்கா?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாள் காலையிலேயே அக்கா போன் செய்துவிட்டாள். "சின்னவன் 431 எடுத்திருக்கான்டா. கம்ப்யூட்டர்தான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கான். எந்த குரூப்ல போடுறது?"

கோவில்பட்டிக்குப் போனபோது வீட்டில் ஏற்கெனவே மூன்று கட்சி இருந்தது. அத்தானுக்கு பயோ மேத்ஸ். "இந்தப் பக்கம் இன்ஜினியரிங்கும் போலாம், அந்தப் பக்கம் டாக்டருக்கும் போலாம்" என்பது அவர் வாதம். பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்கு பாலிடெக்னிக். "மூணு வருஷத்துல கையில சர்டிபிகேட், அப்புறம் என்ன வேணும்?" சின்னவனுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப், காரணம் கேட்டால் "பிடிச்சிருக்கு" என்பதற்கு மேல் பேச்சு வரவில்லை. மென்பொருள் துறையில் வேலை பார்ப்பவன் என்பதால் நான் நீதிபதி.

தமிழ்நாட்டில் ஒவ்வொரு மே மாதமும் பல வீடுகளில் நடக்கிற பஞ்சாயத்துதான் இது. ஆனால் பேச ஆரம்பிக்கும் முன் தெரிந்திருக்க வேண்டிய ஒரு கணக்கு பாதிப் பேருக்குத் தெரிவதில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் பொறியியல் கல்லூரிகளுக்கான கவுன்சலிங்கில் கட்-ஆஃப் 200-க்குப் போடுகிறார்கள். கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. அவ்வளவுதான். கம்ப்யூட்டர் சயின்ஸில் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் அதில் ஒரு மதிப்பெண்கூட இந்த 200-க்குள் நுழையாது. உயிரியலும் அப்படித்தான். அதாவது பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர, பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

இதைச் சொன்னதும் சின்னவன் முகம் தொங்கிவிட்டது. அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப நான் சொன்னது சரிதானே?"

பாதி சரி. இரண்டு குரூப்பிலும் கணக்கு, இயற்பியல், வேதியியல் பொது, நான்காவது பாடம்தான் வேறு, அங்கே உயிரியல், இங்கே கம்ப்யூட்டர் சயின்ஸ். அந்த நான்காவது பாடம் கட்-ஆஃபில் வராது என்றால், அதை எதற்காகப் படிக்கிறோம் என்ற கேள்விக்கு வேறு பதில் வேண்டும். இரண்டு வருடம் தினமும் சாயந்தரம் எந்தப் புத்தகத்தோடு உட்காரப் போகிறான் என்பதுதான் அந்தக் கேள்வி. உயிரியல் என்றால் தாவரவியல், விலங்கியல் என்று இரண்டு புத்தகம். நீட் எழுதுகிற எண்ணம் உண்மையிலேயே இருந்தால் அது நியாயமான சுமை. "எதுக்கும் இருக்கட்டும்" என்று எடுத்தால், கரப்பான்பூச்சியின் உடலமைப்பை வரைந்து பாகம் குறிக்கிற நேரத்தைக் கணக்கிலிருந்துதான் கடன் வாங்க வேண்டியிருக்கும். கட்-ஆஃபில் பாதி கணக்கு. அங்கே ஐந்து மதிப்பெண் போனால் ஐந்தும் அப்படியே போகும், வேதியியலில் ஐந்து போனால் இரண்டரைதான் குறையும்.

நான் பிளஸ் டூ முடித்தது 2008-ல், கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பில். அப்போது பாடத்துக்கு 200 மதிப்பெண். இரண்டு தொகுதிப் புத்தகம், முதலாவது முழுக்க ஸ்டார் ஆபீஸ், இரண்டாவது சி பிளஸ் பிளஸ் நிரல் மொழி. ஸ்டார் ஆபீஸில் எந்த மெனுவுக்குள் எந்தக் கட்டளை இருக்கிறது என்பதை மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அந்த மென்பொருளை வாழ்க்கையில் அதற்கப்புறம் ஒரு தடவைகூடத் திறந்ததில்லை. எங்கள் ஆய்வகத்தில் இருந்தவை பன்னிரண்டு கம்ப்யூட்டர், உயிரோடு இருந்தவை ஐந்து. ஒரு கம்ப்யூட்டருக்கு நாலு பேர், கீபோர்டு யார் கையில் என்பதற்கே சண்டை. யு.பி.எஸ். பேட்டரி எப்போதோ செத்துப்போயிருந்தது, கரண்ட் போனால் அடித்த நிரலும் போகும். அந்தப் பள்ளி பெயர் இங்கே வேண்டாம், அந்தக் காலத்தில் பல ஊரில் அதுதான் நிலைமை.

அதனால் இந்த குரூப் மேல் எனக்குக் கொஞ்சம் இளக்காரம் இருந்தது. சின்னவனுக்காக இப்போதைய புத்தகத்தை வாங்கிப் புரட்டிய பிறகுதான் அது போனது. 2018-ல் பதினொன்றுக்கும் அடுத்த வருடம் பன்னிரண்டுக்கும் வந்த புதிய பாடத்திட்டம் வேறு ரகம். பதினொன்றில் இருநிலை எண்கள், லாஜிக் கேட்டுகள், ஆபரேட்டிங் சிஸ்டத்தில் விண்டோஸோடு உபுண்டுவும், அப்புறம் நெறிமுறைச் சிந்தனைக்கென்று, அதாவது அல்காரிதத்துக்கென்று, தனி அலகு, பிறகு சி பிளஸ் பிளஸ். தமிழ்க் கணிமைக்கு ஒரு பாடமே இருக்கிறது. பன்னிரண்டில் பைத்தான் நிரல் மொழி, தரவுத்தளம், அதிலிருந்து தகவல் எடுக்கிற எஸ்.க்யூ.எல். மொழி, தரவு வைக்கிற சி.எஸ்.வி. கோப்புகள், கடைசியில் மேட்பிளாட்லிப் வைத்து வரைபடம் போடுவது. இன்றைக்கு நான் அலுவலகத்தில் தொடுகிற விஷயங்களில் பாதி அந்த அட்டவணையில் இருக்கிறது.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி, முதல் செமஸ்டரில் எந்தப் பிரிவாக இருந்தாலும், சிவில் மெக்கானிக்கல் உட்பட, எல்லோருக்கும் பைத்தான் ஒரு தாளாக இருந்தது. பள்ளியில் படித்துவிட்டு வந்தவனுக்கு அந்தத் தாள் எளிது. படிக்காமல் வந்தவனும் ஒரு செமஸ்டரில் எட்டிப் பிடித்துவிடலாம், என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் பயோ மேத்ஸ்தான், என்னைவிட நன்றாக நிரல் எழுதுவார். ஆக, கம்ப்யூட்டர் குரூப் தருகிற முன்னிலை சுமார் ஒரு செமஸ்டர் அளவுக்குத்தான். ஆனால் அதைவிடப் பெரிய ஒன்றும் இருக்கிறது. பதினாறு வயதிலேயே இது தனக்கு ஒத்துவருமா வராதா என்று பையனுக்குத் தெரிந்துவிடும். நான்கு வருடக் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டிவிட்டு அதைத் தெரிந்துகொள்வதைவிட இது மலிவு.

ஒரு நிபந்தனை உண்டு. உண்மையிலேயே படிக்க வேண்டும். தெருவில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு பெண் கம்ப்யூட்டர் சயின்ஸில் 97. அவளிடம் பைத்தானில் ஒன்று முதல் ஐந்து வரை எண்களை அச்சிடச் சொன்னேன். ரேஞ்ச் என்று எழுதி அடைப்புக்குறிக்குள் 1, 5 என்று போட்டாள். ஓட்டினால் 1, 2, 3, 4 வந்து நின்றுவிட்டது. மேல் எல்லை கணக்கில் சேராது என்பது புத்தகத்தில் இருக்கிறது, ஒரு மதிப்பெண் கேள்வியாகக் கேட்டால் டக்கென்று சொல்லியிருப்பாள். திரையைப் பார்த்து ஒரு நிமிடம் யோசித்தாள், 5-ஐ 6 ஆக்கினாள், சரியாக வந்தது. "ஓ, இதுதானா அது" என்று சிரித்தாள். இரண்டு வருடத்தில் அந்த "ஓ" அவளுக்கு அங்கேதான் முதல் தடவை வந்திருக்கிறது.

அவள் தப்பு இல்லை. எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. செய்முறைக்கு இருப்பதோ விரல்விட்டு எண்ணக்கூடிய நிரல்கள், ஃபேக்டோரியல், பகா எண்கள், சொல்லைத் திருப்பிப் போடுவது, சி.எஸ்.வி. கோப்பு என்று. எல்லாம் ரெக்கார்டு நோட்டில் இருக்கும். அதை அப்படியே மனப்பாடம் செய்தாலும் முழு மதிப்பெண் விழுந்துவிடும். வருடா வருடம் ஆயிரக்கணக்கானோர் இந்தப் பாடத்தில் சென்டம் வாங்குவதன் ரகசியமும் அதுவே. வீட்டில் ஒரு பழைய லேப்டாப்பாவது இருந்து, ரெக்கார்டில் இருக்கிற நிரலை மாற்றிப் பார்க்கிற பழக்கம் வந்தால்தான் இந்த குரூப்புக்கு அர்த்தம்.

தமிழ்வழியில் படிப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். கிளாஸ் என்பது புத்தகத்தில் இனக்குழு. கன்ஸ்ட்ரக்டர் ஆக்கி, டிஸ்ட்ரக்டர் அழிப்பி, லூப் மடக்கு. எனக்கு இந்தச் சொற்கள் பிடிக்கும், அழிப்பி என்றால் அது என்ன செய்யும் என்று தனியாக விளக்கவே வேண்டாம். ஆனால் கல்லூரியில் முதல் நாளே எல்லாம் ஆங்கிலத்தில் கொட்டும். இரண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துப் படித்தால் அந்த அதிர்ச்சி இருக்காது.

பாலிடெக்னிக் பக்கம் வருவோம். அண்ணாச்சி சொன்னதை அக்கா காதிலேயே வாங்கவில்லை, "மார்க் கம்மியா இருக்கிறவன் போறது" என்று ஒரே போடு. அது அநியாயம். நேர்மையாக ஒப்பிட வேண்டிய வழி இது, ஏனென்றால் இங்கே படிப்பே வேறு ஜாதி. பிளஸ் டூவில் இருப்பது கம்ப்யூட்டர் சயின்ஸ், நிரலும் கணக்கும் சார்ந்தது. பாலிடெக்னிக்கில் இருப்பது கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் டிப்ளமோ. ஒர்க்‌ஷாப் உண்டு, டிராயிங் உண்டு. கம்ப்யூட்டரைக் கழற்றி மாட்ட வேண்டும், நெட்ஒர்க் கேபிளை உரித்து எட்டுக் கம்பியையும் நிற வரிசையில் அடுக்கி ஆர்.ஜே. 45 முனையில் செருகி கிரிம்ப் செய்ய வேண்டும். ஒரு கம்பி மாறினால் லைட் எரியாது, மறுபடி வெட்டு. ஃபேனையும் மிக்ஸியையும் பிரித்துப் போடுகிற பிள்ளைகள் சில பேர் இருப்பார்கள், பிளஸ் டூவில் அவர்கள் வாடிப்போவார்கள், இங்கே மலர்வார்கள்.

வருடக் கணக்கும் நஷ்டமில்லை. பத்துக்கு மேல் டிப்ளமோ மூன்று வருடம், பிறகு நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர்ந்தால் இன்னும் மூன்று, மொத்தம் ஆறு. பிளஸ் டூ இரண்டு, பி.இ. நான்கு, அதுவும் ஆறு. வித்தியாசம் என்னவென்றால் டிப்ளமோக்காரன் மூன்றாம் வருட முடிவில் வீட்டில் பணமுடை வந்து நிறுத்தினால்கூட, கையில் வேலைக்குப் போகிற தகுதி ஒன்று இருக்கும். பிளஸ் டூ முடித்து நிறுத்தினால் பிளஸ் டூ மட்டும்தான். வீட்டு வருமானம் ஒருவர் உடம்பை நம்பி ஓடுகிற குடும்பங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பாதகம் எங்கே என்றால், முதலில் கணக்கு. இரண்டாம் ஆண்டில் நேராகப் போய் உட்காரும்போது மூன்றாம் செமஸ்டர் கணக்குத் தாள் காத்திருக்கும். பிளஸ் டூவும் கல்லூரி முதல் வருடமும் சேர்ந்து கொடுத்த கணக்குப் பயிற்சி பக்கத்து பெஞ்சுக்காரனுக்கு இருக்கும், இவனுக்கு இருக்காது. எங்கள் கல்லூரிக்கு அப்படி வந்தவர்கள் செய்முறை வகுப்பில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், கணக்குத் தாளில் எங்களிடம் கேட்டார்கள். அடுத்து, அந்த நேரடிச் சேர்க்கைக்கு நல்ல கல்லூரிகளில் இடம் குறைவு, போட்டி அதிகம்.

சின்னவன் விஷயத்தில் மூன்றாவது ஒன்றும் இருந்தது. ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி. 2021-ல் வந்த சட்டப்படி, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு, கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. பாலிடெக்னிக் போனால் இந்த வரிசையிலிருந்து இறங்கிவிடுவான். இதே காரணத்தால் பதினொன்றுக்குத் தனியார் பள்ளிக்கு மாற்றலாமா என்ற பேச்சையும் அன்றோடு நிறுத்தச் சொன்னேன். 431-க்கு தனியார் பள்ளி ஒன்று சலுகை தருவதாக நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போயிருந்தது, அக்கா அதை மடித்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள்.

இன்னொரு சங்கதி, பிளஸ் டூ முடித்துவிட்டு மனம் மாறினால் டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். ஒரு வருடம்தான் கூடுதலாகும். எதிர்த்திசையில், பாலிடெக்னிக் போய்விட்டு பிளஸ் டூவுக்குத் திரும்பினால் போன காலம் போனதுதான்.

வணிகவியல் குரூப்பை எங்கள் வீட்டில் யாரும் பேச்சுக்குக்கூட எடுக்கவில்லை. கணக்குப்பதிவியல், வணிகவியல், பொருளியலோடு கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் என்று ஒரு பாடம் வரும். கணக்கு என்றாலே காய்ச்சல் வருகிற, ஆனால் கம்ப்யூட்டரை விடமாட்டேன் என்கிற பிள்ளைகளுக்கு இது உண்மையிலேயே நல்ல வழி. எச்.டி.எம்.எல்., ஜாவாஸ்கிரிப்ட், அடுத்த வருடம் பி.எச்.பி., மை எஸ்.க்யூ.எல். என்று ஒரு இணையதளம் கட்டுவதற்கு வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது. கண்ணுக்கு முன்னால் ஒரு பக்கம் உருவாகி நிற்பது பைத்தானில் ஃபேக்டோரியல் கண்டுபிடிப்பதைவிட இளசுகளுக்கு உற்சாகமாகவே இருக்கும். பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளை ஏன் இன்னும் வைத்திருக்கிறார்கள் என்பது மட்டும் எனக்குப் புரியவில்லை. இதற்கப்புறம் பி.இ. கிடையாது. பி.சி.ஏ., பி.காம். சி.ஏ. போகலாம். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸுக்குச் சில கல்லூரிகள் பிளஸ் டூவில் கணக்கு கேட்கும், முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். சென்னை ஐ.ஐ.டி. 2020 முதல் நடத்திவரும் ஆன்லைன் டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்புக்கு எந்த குரூப்பாக இருந்தாலும் விண்ணப்பிக்கலாம், ஜே.இ.இ. வேண்டாம், அவர்களே வைக்கிற தகுதித் தேர்வில் தேறினால் போதும்.

கலைக் கல்லூரிதான் இலக்கு என்றால் முதலில் சொன்ன கட்-ஆஃப் கணக்கு மாறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் நான்கு முதன்மைப் பாடங்களையும் சேர்த்து 400-க்குத் தரவரிசை போடுகிறார்கள். அங்கே கம்ப்யூட்டர் சயின்ஸில் வாங்கிய சென்டம் முழுசாக எண்ணிக்கையில் வரும்.

சி.பி.எஸ்.இ. வீடுகளில் சண்டை வேறு, கம்ப்யூட்டர் சயின்ஸா, இன்ஃபர்மேட்டிக்ஸ் பிராக்டீசஸா என்று. இரண்டிலும் பைத்தான், இரண்டிலும் எஸ்.க்யூ.எல். முன்னது நிரலாக்கத்தில் ஆழம் போகும், பின்னது பாண்டாஸ் என்ற பைத்தான் தொகுப்பை வைத்துத் தரவுகளைக் கையாளும். பொறியியலுக்குப் போகிறவர் முன்னதை எடுக்கலாம், மற்றவர்களுக்கு எது இருந்தாலும் குறையில்லை.

அத்தானுக்குத் திரும்ப வருகிறேன். அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "அத்தான், இவன் என்னைக்காவது டாக்டராகணும்னு சொல்லியிருக்கானா?" சொன்னதில்லை. ஒன்பதாம் வகுப்பில் அறிவியல் டீச்சர் தவளைப் படம் வரையச் சொன்னதற்கு அக்காவைத்தான் வரைய வைத்திருக்கிறான். அத்தானே சிரித்துவிட்டார். பிள்ளை இரண்டுங்கெட்டானாக, எது வேண்டும் என்று தெரியாமல் இருந்தால் நான் பயோ மேத்ஸுக்குத்தான் கை தூக்கியிருப்பேன், அதில் சந்தேகமே இல்லை. வேண்டாததை ஏற்கெனவே தெரிந்து வைத்திருக்கிறவனுக்கு "எதுக்கும் இருக்கட்டும்" என்பது வெறும் பாரம்.

ஆனால் கம்ப்யூட்டர் குரூப் என்று முடிவு சொல்லும் முன் ஒரு வேலை பாக்கி இருந்தது. திங்கட்கிழமை பள்ளிக்கே போனோம். தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டு ஆய்வகத்தைப் பார்த்தோம். கம்ப்யூட்டர் ஆசிரியர் பணியிடம் நிரம்பியிருக்கிறதா, வேறு பாட ஆசிரியர் கூடுதலாகப் பார்த்துக்கொள்கிறாரா என்று கேட்டேன். நிரம்பியிருந்தது, அந்த மேடமே அங்கே இருந்தார். வாரத்தில் எத்தனை பீரியட் பிள்ளைகளின் கை கீபோர்டில் படும் என்று கேட்டதற்கு, கொஞ்சம் யோசித்து, "ரெண்டு. பரீட்சை நெருங்கினா கூட்டிக்குவோம்" என்றார். பொய் சொல்லாமல் சொன்னதே எனக்குப் பிடித்திருந்தது. இருபது கம்ப்யூட்டரில் பதினாலு ஓடின. ஆசிரியர் இல்லாமலோ, ஆய்வகம் பூட்டியே கிடந்தாலோ, பயோ மேத்ஸில் போட்டுவிட்டு பைத்தானை வீட்டில் நானே சொல்லிக்கொடுத்திருப்பேன்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது சின்னவன் ஒரு மூலையில் உட்கார்ந்து ஏதோ அடித்துக்கொண்டிருந்தான். போய்ப் பார்த்தால் திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. வரிக் கடைசியில் போட வேண்டிய முக்காற்புள்ளியை (:) போடாமல் விட்டிருந்தான். நான் வாயைத் திறக்கவில்லை. மேடமும் அவன் பின்னால் வந்து நின்றுகொண்டு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நிமிடம் முறைத்துப் பார்த்துவிட்டு அவனே கண்டுபிடித்தான்.

அக்கா விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டாள். போட்ட கையோடு மேடத்திடம் மெல்லக் கேட்டாள், "குரூப் மாத்தணும்னா எத்தனை நாளைக்குள்ள சொல்லணும்?"